ஜயன்ட் கோனா, சோகோ மோனகா ஜம்போவா?

ஜப்பானில் எந்த மூலைக்கடை ஃபிரீசரைத் திறந்தாலும் கண்ணில் படக்கூடியவை இந்த இரண்டு ஐஸ்கிரீம்கள்: எசாகி கிளிகோ நிறுவனத்தின் ஜயன்ட் கோன், மொரினாகா நிறுவனத்தின் சோகோ மோனகா ஜம்போ. ஒன்று கூம்பு, இன்னொன்று தட்டை. ஆனால் இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், ஐஸ்கிரீமின் ஈரம். பிஸ்கட் நமுத்துப் போனால் இரண்டுமே வெறும் இனிப்புக் கூழ். எனவே அந்த ஈரத்தை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை வைத்தே பார்ப்போம்.

ஜயன்ட் கோன் 1963இல் வந்தது. கிளிகோ என்றதும் நினைவுக்கு வரும் போக்கி என்ற சாக்லேட் பூசிய குச்சி பிஸ்கட்டுக்கு அது மூன்று வயது மூத்த அக்கா. யோசனை ஜப்பானுடையது அல்ல. அமெரிக்காவில் டிரம்ஸ்டிக் என்ற ஐஸ்கிரீம் 1928லேயே சாக்லேட்டும் கடலையும் போட்ட கோனோடு வந்துவிட்டது. இத்தாலியில், நேப்பிள்ஸின் ஸ்பீக்கா நிறுவனம் 1959இல் கோனின் உட்புறத்தில் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலவையைப் பூசி ஈரத்தைத் தடுத்தது. நம்மூர்க் கடைகளிலும் கிடைக்கிறதே கார்னெட்டோ, அது அப்படிப் பிறந்ததுதான்.

ஜயன்ட் கோனும் இன்று அதே வழியில்தான் நிற்கிறது. கோனின் உள்ளே சாக்லேட் பூச்சு, மேலே சாக்லேட்டும் பருப்புத் துண்டுகளும், கூர்நுனியில் கெட்டியாக ஒரு சாக்லேட் கட்டி. அந்தக் கடைசிக் கடிதான் அதன் உயிர். சுவைகள் வரும், போகும். சோகோ நட்ஸ் என்ற அடிப்படை வகையும் கூம்பு வடிவமும் அப்படியே நிற்கின்றன. 2016இல் கிளிகோ தாய்லாந்தில் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கியபோதும் கூடவே எடுத்துப் போனவற்றில் இதுவும் ஒன்று.

மொரினாகா வேறு பக்கமிருந்து வந்தது. மோனகா என்பது ஒட்டரிசி மாவில் சுட்ட மெல்லிய ஓட்டுக்குள் சிவப்புப் பயறு விழுது வைக்கும் பழைய ஜப்பானிய இனிப்பு. அதைப் போன்ற ஓட்டுக்குள் பயறுக்குப் பதில் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் வைத்து 1972இல் சோகோ மோனகா வந்தது; 18 கட்டங்களாக ஒடிக்கக்கூடிய ஜம்போ 1996இல். ஓட்டின் உட்புறம் இங்கேயும் சாக்லேட் பூச்சு உண்டு. ஆனால் மொரினாகா அதோடு விடவில்லை. தேவையை முன்கூட்டிக் கணித்துத் தயாரித்து, கிடங்கில் தேங்க விடாமல் சீக்கிரம் கடைக்கு அனுப்புவதில் முனைந்தது. ஐஸ்கிரீம் எத்தனை மாதமானாலும் கெடாது என்று நாம் நினைப்போம். இவர்கள் ரொட்டி விற்பவர்களைப் போல யோசித்தார்கள். எனக்கு இந்த அலசலிலேயே மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

இந்த இரு நிறுவனங்களின் போட்டி கேரமல் காலத்திலிருந்தே உண்டு. 1922இல் வந்த கிளிகோவின் கேரமல், ஒன்று தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்று சொல்லி விற்றது!

சரி, எதை வாங்குவது? மொறுமொறுப்பு மட்டும்தான் கணக்கு என்றால் ஜம்போ. பகிரவும் அதுதான் வசதி, கட்டம் கட்டமாக ஒடித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் முதல் கடியிலிருந்து கடைசிக் கடிவரை அதே ருசிதான். ஜயன்ட் கோனில் பருப்பு, வெண்ணிலா, கோன், நுனிச் சாக்லேட் என்று ருசி மாறிக்கொண்டே போகிறது. தனியாகச் சாப்பிடுவதாக இருந்தால் நான் கோன் பக்கம்தான். அதைப் பங்கு போட முடியாது. அந்த நுனியை யாரும் யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள்.