முக்கோணம் வரைவதா, முற்றொருமையில் போடுவதா?

ஒரு குறுங்கோணத்துக்கு (90 பாகைக்குக் குறைந்த கோணம்) சைன், காஸ், டேன், அவற்றின் தலைகீழ்களான கொசெக், செக், கோட் என்று ஆறு முக்கோணவியல் விகிதங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற ஐந்தையும் கேட்பார்கள். வழி இரண்டு. செங்கோண முக்கோணம் வரைந்து, பிதாகரஸ் தேற்றத்தால் மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் சைன்² + காஸ்² = 1 போன்ற முற்றொருமைகளில், அதாவது எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகளில், போட்டு எடுக்கலாம். பள்ளியில் நான் இரண்டாவது கட்சி. படம் போடுவது சின்னப் பிள்ளை வேலை என்று ஒரு நினைப்பு. இப்போது மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததும் கட்சி மாறிவிட்டேன்.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டேன் 8/15 என்றால் படத்தில் கோணத்தின் எதிர்ப்பக்கம் 8, அடுத்துள்ள பக்கம் 15, கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) 17. சைன் என்பது எதிர்ப்பக்கம்/கர்ணம், அதாவது 8/17; காஸ் என்பது அடுத்துள்ள பக்கம்/கர்ணம், அதாவது 15/17. முற்றொருமையில் செக் வழியாகச் சுற்றி வரவேண்டும், ஒரு வரி கூடுதல். அவ்வளவுதான்.

என்னை மாற்றியது வேறு: தப்பு நடந்தால் எந்த வழி காட்டிக்கொடுக்கிறது?

சைன் 5/13 என்று ஒரு கணக்கு. மகள் முற்றொருமையில் போட்டாள். 1 − 25/169 = 144/169. வர்க்கமூலம் எடுக்க மறந்து, காஸ் 144/169 என்றே எழுதிவிட்டாள். பார்த்தால் சந்தேகமே வராது. ஒன்றைவிடச் சிறிய, லட்சணமான பின்னம். அதை நம்பி டேன் 65/144 ஆனது. செக்கும் கோட்டும் கூடவே போயின. கேட்ட ஐந்தில் நான்கு தப்பு. சைனின் தலைகீழான கொசெக் மட்டும் பிழைத்தது.

அதே கணக்கைப் படத்தில் போட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கம் 5, கர்ணம் 13. மூன்றாவது பக்கத்தில் 144 என்று எழுதப் போனாலே கை நின்றுவிடும். கர்ணத்தைவிட நீளமான பக்கம் எங்கிருந்து வந்தது? கழிப்பதற்குப் பதில் கூட்டி √194 என்று எழுதினாலும் அதே கதைதான், அதுவும் 13-ஐத் தாண்டுகிறது. சரியான விடை 12. அப்புறம் அதே முக்கோணத்தின் இன்னொரு குறுங்கோணத்தின் சைனைக் கேட்டாலும் புதிதாகக் கணக்கு வேண்டாம். எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் இடம் மாறும், விடை 12/13.

படமும் ஏமாற்றும், இல்லையென்று சொல்லவில்லை. செங்கோணம் மேல் உச்சியில் இருக்கும்படி முக்கோணத்தைச் சாய்த்துக் கொடுத்தால், கோணத்தை ஒட்டியிருக்கும் கர்ணத்தையே அடுத்துள்ள பக்கம் என்று எடுத்துவிடுவோம். முதலில் செங்கோணத்தைத் தேடி, அதற்கு எதிரே ‘கர்ணம்’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நிரூபணக் கணக்குகளில் முற்றொருமை இல்லாமல் ஆகாது. 90 பாகையைத் தாண்டிய கோணங்களிலும் அதற்கே கை ஓங்கும் என்று தோன்றுகிறது; அந்தப் பக்கம் நான் அதிகம் புழங்கியதில்லை. சைன் அதே 5/13-ஆக இருந்து கோணம் விரிகோணமானால் காஸ் −12/13. அந்தக் கழித்தல் குறியை என் முக்கோணம் சொல்லாது. முற்றொருமையும் தானாகச் சொல்லிவிடாதுதான், ஆனால் வர்க்கமூலம் எடுக்கும்போது கூட்டலா கழித்தலா என்று ஒரு தடவையாவது கேட்டு நிறுத்தும்.