ப்ரோட்டிஜே ரிவ்யூ: ஆன்டாலஜிக்கு சூப்பர், போர்ட்டலுக்கு பாதி வேலைதான்

செமான்டிக் வெப்ல, அதாவது டேட்டாவோட அர்த்தம் கம்ப்யூட்டருக்கும் புரியற மாதிரி எழுதி வைக்கிற வெப்ல, போர்ட்டல் கட்டலாம்னு இறங்குறவங்க கையில முதல்ல சிக்குறது ஸ்டான்ஃபோர்ட்ல இருந்து வந்த இந்த ப்ரோட்டிஜே தான். ஆன்டாலஜி, அதாவது என்னென்ன வகை இருக்கு, எதுக்கும் எதுக்கும் என்ன உறவுங்கிற விவரத்தை எழுதுற சாஃப்ட்வேர் இது. காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், ஆன்டாலஜி எழுதுற மொழியான ஓடபிள்யூஎல் 2-வை (OWL 2) முழுசா சப்போர்ட் பண்ணும். பார்க்க அந்தக் காலத்து ஜாவா சாஃப்ட்வேர் மாதிரி இருக்கும், எந்த டேப்ல எது ஒளிஞ்சிருக்குன்னு பழகவே கொஞ்ச நாள் ஆகும், அதை விடுங்க.

இதோட உயிரே ரீசனர் தான், அதாவது நாம எழுதினதை வச்சு அடுத்தது என்னன்னு தானே கண்டுபிடிக்கிற பகுதி; ஹெர்மிட்ங்கிற ரீசனர் கூடவே வருது. ஒரு லைப்ரரி போர்ட்டல்னு வச்சுக்கோங்க, 'எழுதியவர்'ங்கிற ப்ராப்பர்ட்டிக்கு (உறவுக்கு) டொமைன், அதாவது அந்த உறவு எந்த வகைக்கு உரியதுங்கிறது, 'புத்தகம்'னு குடுத்தாச்சு, யாரோ ஒரு பாட்டுக்கும் அதே ப்ராப்பர்ட்டியை மாட்டி விட்டுட்டாங்க. டேட்டாபேஸ் பக்கம் இருந்து வர்றவங்க எரர் வரும்னு காத்துட்டு இருப்பாங்க, வராது, ரீசனரை ஓட்டினா அந்த பாட்டும் ஒரு புத்தகம்தான்னு மஞ்சள் கலர்ல கூலா காட்டும்! பாட்டும் புத்தகமும் டிஸ்ஜாயின்ட், அதாவது ஒண்ணு இன்னொண்ணா இருக்கவே முடியாதுன்னு ஒரு வரி சேர்த்தாதான் முரண்பாடுன்னு கத்தும். அப்போ எக்ஸ்ப்ளனேஷன் கேட்டா எந்த வரியும் எந்த வரியும் மோதுதுன்னு பிரிச்சு வச்சுடும், இந்த ஒண்ணுக்கே கையெடுத்து கும்பிடலாம்.

ஆனா இதையே ஃபார்ம் வேலிடேஷனுக்கு நம்பினா போச்சு. எல்லா புத்தகத்துக்கும் எழுதியவர் கட்டாயம்னு போட்டு வச்சாலும் பேரே இல்லாத புத்தகத்தை பார்த்து ஒண்ணும் சொல்லாது, எழுதினவர் எங்கயோ இருக்காரு, நமக்குத்தான் தெரியலன்னு எடுத்துக்கும். ஒருத்தர்தான்னு சொல்லிட்டு ரெண்டு பேரை போட்டா ரெண்டும் ஒரே ஆள்னு முடிவு கட்டிடும், வேற வேற ஆளுன்னு நாமதான் தனியா சொல்லணும். இந்த செக்கிங்குக்கெல்லாம் வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்கிற டபிள்யூ3சி 2017ல ஸ்டாண்டர்டா கொண்டு வந்த ஷேக்கில் (SHACL), அதாவது டேட்டா விதிப்படி இருக்கான்னு பார்க்கிற மொழி, அதுதான் லாயக்கு.

லட்சக்கணக்கான ரெக்கார்டை இதுக்குள்ள கொட்டாதீங்க, மெமரி திணறும். கிளாஸ் (வகை), ப்ராப்பர்ட்டி மட்டும் இங்க, டேட்டா நேரா ஃபுசேகி மாதிரி ஒரு ட்ரிபிள் ஸ்டோருக்கு, அதாவது இந்த வகை டேட்டாவுக்கான டேட்டாபேஸுக்கு, போகட்டும், போர்ட்டலோட பேஜ் எல்லாம் அங்கதான் ஸ்பார்க்கில்ங்கிற (SPARQL) கேள்வி மொழியில கேட்கும்.

இன்னொண்ணு, புதுசா வர்றவங்க எல்லாரும் முட்டிக்கிற இடம் இது: உள்ளேயே இருக்கிற ஸ்பார்க்கில் டேப்புக்கு நாம எழுதினது மட்டும்தான் தெரியும், ரீசனர் கண்டுபிடிச்சது தெரியாது. அது போர்ட்டல்ல வரணும்னா ஃபைல் மெனுல போய் ரீசனர் கண்டுபிடிச்ச அந்த இன்ஃபர்டு ஆக்ஸியம்ஸை தனி ஆன்டாலஜியா எக்ஸ்போர்ட் பண்ணி அதையும் ஸ்டோர்ல ஏத்தணும். ஆன்டாலஜில கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்ப இதே வேலை, சலிப்பா இருக்கும்தான். 5க்கு 4.