நனைந்ததைச் சொல்லும் விரிப்பு: எந்த முறை நம் வீட்டுக்கு ஆகும்?

எங்கள் ஆச்சி வீரவநல்லூர் வீட்டில் கடைசி ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். ராத்திரி மூன்று மணிக்குச் சித்தி எழுந்து, விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பாள். பல நாள் அது எப்போதோ நனைந்து சில்லிட்டுக் கிடக்கும். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், "நீ அலுத்துப்போய் உறங்குத, அதாம் கூப்பிடல" என்பார். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். உடம்பின் பாரமும் உரசலும் சேர்ந்தால் படுக்கைப்புண்தான்.

டயப்பரில் மஞ்சள் கோடு நீலமாக மாறும் ஏற்பாடு மலிவு. ஆனால் லைட்டைப் போட்டு, துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாய்விட்டுக் கூப்பிடாத ஆச்சிக்கு அது போதாது.

அடுத்தது மின்தடை முறை, அதாவது துணி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. பருத்தி விரிப்பில் மின்சாரம் கடத்தும் இழையை ஒன்றையொன்று தொடாமல் இரண்டு வரிசையாகத் தைக்கிறார்கள். சிறுநீரில் உப்பு இருப்பதால், நனைந்ததும் இரண்டு வரிசைக்கும் நடுவே மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும். தையல் விட்டால் ஊர் டெய்லரே தைத்துவிடலாம். தொல்லை வியர்வைதான், அதுவும் உப்புத் தண்ணீர். பருத்தி சும்மா கிடந்தாலே தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டரில் அது 0.4 சதவீதம்தான். போர் தண்ணீரில் அலசிய விரிப்பில் உப்பும் தங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் பொய் மணி நாலு தடவை அடித்தால் யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் தடை எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் கருவி வேண்டும். வியர்வை மெல்லக் கசியும். சிறுநீர் சில நொடிகளில் பரவிவிடும்.

மின்தேக்கி முறை, இழைகளுக்கு நடுவே மின்னூட்டம் எவ்வளவு தேங்குகிறது என்று அளப்பது. இதில் இழைக்குக் காப்புப் பூச்சு உண்டு. ஈரம் உலோகத்தைத் தொடாது, அதனால் இழை அரித்துப்போவதும் இல்லை. மின்னூட்டம் தேங்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்ணான மின்காப்பு மாறிலி காற்றுக்கு 1, தண்ணீருக்குச் சுமார் 80. எனவே கொஞ்சம் ஈரமும் தெரிந்துவிடும். காயக்கட்டில் நீர் ஊறுவதைப் பார்க்க இதைத்தான் நான் விரும்புவேன். படுக்கைக்கு ஆகாது. மனித உடம்பே பெரும்பாலும் தண்ணீர் என்பதால், ஆச்சி புரண்டு படுத்தாலும் அளவு மாறும். தடுக்க இன்னொரு அடுக்கு வைத்தால் விரிப்பு தடித்து வேகும்.

2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய, ரேடியோ அலையில் சேதி சொல்லும் ஆர்எஃப்ஐடி வில்லை வைத்த டயப்பரில் பேட்டரியே கிடையாது. நனைந்த ஜெல்லே ஆன்டெனாவாக வேலை செய்யும். சுமார் ஒரு மீட்டருக்குள் அந்தச் சேதியை வாங்கும் ரீடர் கருவி இருக்க வேண்டும். வரிசையாகக் கட்டில் போட்ட வார்டுக்கு அது நல்ல வழி.

சரி, வீட்டுக்கு? பருத்தி விரிப்பில் மின்தடை முறைதான் என் தேர்வு, அதுவும் ஸ்டீல் இழையில். வெள்ளி பூசிய நைலான் இழை மெத்தென்று இருக்கும். ஆனால் பிளீச்சிங் பவுடர் பட்டால் கறுக்கும், துவைக்கத் துவைக்கப் பூச்சு உதிரும். ஸ்டீல் இழை கொஞ்சம் விறைப்பு, ஆனாலும் துவைப்பைத் தாங்கும். தோலில் உறுத்தாமல் இருக்க மேலே ஒரு பழைய வேட்டியை விரித்தால் போதும். மின்சாரத்தை ஒரே பக்கமாக ஓடவிடாமல் திசை மாற்றிச் சின்னத் துடிப்புகளாக அனுப்பினால் இழை அரித்துப்போவதும் குறையும். வாங்குபவர்கள் வயரும் இழையும் சேரும் பிரஸ் பட்டனை முதலில் பாருங்கள். துரு பிடிப்பதும் பிய்ந்து வருவதும் அங்கேதான். அது ஈரம் எட்டாத விளிம்பில், கால்மாட்டுப் பக்கம் இருக்கட்டும்.