கைப்பக்குவமும் டார்க் ரெஞ்சும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தம் காரைத் தாமே கழற்றிப் பூட்டும் பழக்கமுள்ள நாங்கள் ஐந்தாறு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே வழக்கில் வந்து நிற்கும். சக்கர நட்டை முடுக்க, நாம் குறித்து வைத்த அளவு இறுக்கம் வந்ததும் அறிவிக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டுமா, கைப்பக்குவம் போதுமா என்பதே அந்த வழக்கு. "இத்தனை வருஷமா கையாலதான் முடுக்குறேன், ஒரு நட்டாவது கழன்டிருக்கா?" என்று எங்களில் மூத்தவர் கேட்பார், அதற்கு யாரிடமும் சட்டென்று பதில் இருக்காது. கழன்று விழாத நட்டு சரியாக முடுக்கப்பட்ட நட்டுதானா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடித்தான் நான் இந்தக் கருவியை வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பிறகு அதைப் பற்றி முழுமையாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கருவி, அரை அங்குலச் சதுரமுனை கொண்ட 'கிளிக்' வகை டார்க் ரெஞ்ச். அளவுகோல் 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை. நீளம் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர், எடை 1.4 கிலோ. கூடவே ஒரு நீட்டிப்புத் தண்டு, நட்டின் மேல் பொருந்தும் சாக்கெட்டுகளில் சிறியவற்றை மாட்டுவதற்கான அடாப்டர், பிளாஸ்டிக் பெட்டி, அளவுத்திருத்தச் சான்றிதழ் ஆகியவை வந்தன. இதே தோற்றத்திலும் இதே அளவுகளிலும் பல பெயர்களில் ரெஞ்சுகள் விற்கப்படுகின்றன. ஆகையால் பெயரைச் சொல்வதைவிட, இந்த வகையை எப்படி மதிப்பிடுவது என்று சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும்.

வாங்கத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றும்போது, ஆயிலை வடிக்கும் துளையை அடைக்கும் திருகான டிரெயின் பிளக்கைக் கையின் நிதானத்திலேயே முடுக்கினேன். ஆயில் தட்டு அலுமினியம், பிளக் எஃகு. கடைசிக் கால் திருப்பில் இறுக்கம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. மரை, அதாவது திருகுச் சுற்று, போய்விட்டது என்பதைக் கை உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் செருகி வைத்துச் சரிசெய்ய ஒரு முழு நாள் ஆயிற்று.

ரெஞ்ச் வந்த வாரத்திலேயே வழக்கைத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்து, பிடிப்பு இடுக்கியான வைஸில் கனமான எஃகுத் தகடு ஒன்றைப் பிடித்து, அதில் 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைப் பூட்டினோம். நண்பர் ஒருவரிடம், முறுக்குவிசையைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் டார்க் அடாப்டர் இருந்தது. திருப்பும் கைப்பிடியான ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அதை மாட்டி, முடுக்குபவர் கண்ணில் படாதபடி திரையை ஒட்டுத்தாளால் மூடிவிட்டு, 110 நியூட்டன் மீட்டர் என்று தமக்குத் தோன்றும் வரை முடுக்குமாறு எங்களில் நால்வரைக் கேட்டோம். கிடைத்த அளவுகள் 78, 96, 134, 161. மூத்தவருடையது 134. அவர் அதோடு விடாமல், அன்றைய வேலையெல்லாம் முடிந்து மாலையில் மீண்டும் முடுக்கிப் பார்த்தார். இம்முறை 97. காலையில் இருந்த கையும் மாலையில் இருந்த கையும் ஒன்றல்ல என்பதை அவரே சொன்னார். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், ஏன் இப்படி ஆகிறது என்று முதலில் யோசிக்கத் தொடங்கியவரும் அவரே.

காரணம் எளியது. கைக்குத் தெரிவது விசை. போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது விசையும் தூரமும் பெருகிய முறுக்குவிசை. 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 110 நியூட்டன் மீட்டர் வர வேண்டுமானால் ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். 60 சென்டிமீட்டர் கைப்பிடியில் 19 கிலோ போதும். ஆகவே பழகிய ஒரே ஸ்பேனரில் வரும் கைப்பக்குவம், வேறொரு ஸ்பேனரை எடுத்ததுமே பொய்த்துவிடுகிறது. பட்டறையில் நாள்தோறும் ஒரே கருவியைப் பிடிப்பவரின் கை நம்மைவிடத் தேர்ந்ததாக இருக்கலாம். மாதம் ஒருமுறை கருவிப் பெட்டியைத் திறக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி கருவியின் செயல்பாடு. கைப்பிடியைத் திருகும்போது உள்ளே இருக்கும் சுருள்வில் அமுங்குகிறது. அந்த வில்லின் எதிர்ப்பை மீறும் அளவுக்கு முறுக்குவிசை எழும்போது, தலைப்பகுதியோடு இணைந்த நெம்பு சரிந்து குழாயின் உட்சுவரில் தட்டுகிறது. நாம் கேட்கும் 'கிளிக்' அதுதான். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அளவு வந்ததும் ரெஞ்ச் தானாக நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது நிற்பதில்லை. சத்தம் கேட்ட பிறகும் அழுத்தினால் நட்டு மேலும் திரும்பும். "சரியா கேட்டதான்னு இன்னொரு தரம் பார்த்துக்குறேன்" என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை கிளிக் செய்து பார்ப்பதும் நட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாக முடுக்குவதே. சீராக, வெட்டி இழுக்காமல், கைப்பிடியின் நடுவில் பிடித்து இழுத்து, ஒரே கிளிக்கோடு நிறுத்துவதுதான் முறை.

சான்றிதழில் 42, 126, 210 என்று மூன்று அளவுகளில் சோதித்ததாகக் குறித்திருந்தார்கள். முறுக்குவிசைக் கைக்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 என்னும் சர்வதேசத் தரநிலை, கருவியின் உச்ச அளவில் 20, 60, 100 விழுக்காட்டுப் புள்ளிகளில் சோதிக்கச் சொல்கிறது; இந்த மூன்று எண்களும் 210க்கு அவைதான். 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட இத்தகைய ரெஞ்சுகளில் காட்டும் அளவிலிருந்து 4 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருப்பதை அத்தரநிலை ஏற்கிறது. ஆயினும் தாளில் இருப்பதை மட்டும் நம்ப மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே எடைக்கல்லை வைத்துச் சோதிக்க முடியும் என்பதால் அதையும் செய்தேன். சதுரமுனையை வைஸில் பிடித்து, ரெஞ்சைத் தரைக்கு இணையாக, முடுக்கும் திசையில் எடை இழுக்குமாறு நிறுத்தி, முனையிலிருந்து 42 சென்டிமீட்டரில் இருக்கும் கைப்பிடி நடுவில் எடையைத் தொங்கவிட வேண்டும். கிலோவிலுள்ள எடையை 9.81 ஆலும் மீட்டரிலுள்ள தூரத்தாலும் பெருக்கினால் முறுக்குவிசை வரும். ரெஞ்சின் சொந்த எடையும் கீழே இழுக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. என் கருவியில் அது ஏறத்தாழ 2.75 நியூட்டன் மீட்டர்.

30 கிலோவைத் தொங்கவிட்டபோது உண்மையான முறுக்குவிசை 126.4. கைப்பிடியில் வைக்கும் அளவை 128 வரை கூட்டியும் ரெஞ்ச் கிளிக் செய்தது, அதற்கு மேல் செய்யவில்லை. 20 கிலோவில் உண்மை 85.2, கருவி 87. இரண்டிலும் பிழை இரண்டரை விழுக்காட்டைத் தாண்டவில்லை. சக்கர நட்டுகள் பெரும்பாலான பயணியர் கார்களில் 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள்தான் வருகின்றன என்பதால், இந்தக் கருவி எந்த வேலைக்காக முதன்மையாக வாங்கப்படுகிறதோ அந்த வேலையில் அதை முழு மனத்தோடு பாராட்டுகிறேன்.

ஏழரை கிலோவில் நிலைமை மாறியது. உண்மை 33.7, ரெஞ்சோ 30இல் வைத்தால்தான் கிளிக் செய்தது, 31இல் வாய் திறக்கவில்லை. அதாவது நான் 30 என்று நம்பி முடுக்கினால் போல்ட்டுக்கு அதைவிட 12 விழுக்காடு கூடுதலாகப் போகிறது. போதாததற்கு அந்த அளவில் எழும் சத்தம் மிக மெல்லியது. காதைவிட உள்ளங்கையில்தான் அதை உணர வேண்டியிருக்கிறது. டிரெயின் பிளக்கும் ஸ்பார்க் பிளக்கும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன. மரை போய்விடுமோ என்ற அச்சத்தில் கருவி வாங்கியவன் நான் என்பதால், இது எனக்குச் சிறிய குறையாகப் படவில்லை. உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே கிளிக் ரெஞ்சை நம்பக் கூடாது என்பது அனுபவமுள்ளவர்கள் சொல்லும் விதி. அப்படியிருக்க, 42க்குக் கீழே சோதிக்காத ஒரு கருவியின் குழாயில் 28 என்று கோடு போட்டு விற்பது வாங்குபவரைத் தவறான வழியில் அழைத்துச் செல்கிறது. பெரிய ரெஞ்ச் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு குறைக்காகவே எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் பிளக்குகளுக்கென 10 முதல் 60 வரையிலான சிறிய ரெஞ்ச் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன்.

அளவுகோலைப் படிப்பதும் எளிதன்று. குழாயில் 14 நியூட்டன் மீட்டருக்கு ஒரு கோடு, கைப்பிடி வளையத்தில் அதன் உட்பிரிவுகள். 110 வேண்டுமானால் 98ஐயும் 12ஐயும் கூட்ட வேண்டும். காரின் அடியில் படுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு கோடு தவறினால் 14 நியூட்டன் மீட்டர் தவறுகிறது. கோடுகளில் வண்ணமும் இல்லை. வெள்ளைப் பெயின்ட்டைத் தேய்த்துத் துடைத்த பிறகே மங்கிய வெளிச்சத்திலும் தெரிகிறது. ராட்செட்டில் 24 பற்கள் இருப்பதால் அடுத்த பல் விழ 15 பாகை திருப்ப வேண்டும். கைப்பிடி நடுவில் அது 11 சென்டிமீட்டர் அசைவு. சக்கர நட்டுக்கு இது பொருட்டே அல்ல, பிரேக் காலிப்பர் போல்ட்டுக்கு இடம் போதாமல் தவிக்க நேரிடுகிறது. பெட்டி உறுதியாக இருக்கிறது.

எங்களிடையே மிக நீண்ட விவாதம், சக்கர நட்டு ஏறும் திருகுத் தண்டான ஸ்டட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவலாமா என்பதைப் பற்றியது. துருப்பிடித்த நட்டைக் கழற்றிப் பட்ட பாட்டை நினைத்து, பூட்டும்போதே தாராளமாகத் தடவுபவர்கள் எங்களில் இருவர். அவர்களுடைய நோக்கம் நியாயமானது. ஆனால் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிமுகத்து உராய்வுக்கும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிப்பைத் தருவது மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான். எண்ணெயால் உராய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே, அதே 110இல் போல்ட்டின் இழுவிசை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். கார் நிறுவனத்தின் கையேடு உலர்ந்த மரைக்கு ஓர் அளவைத் தந்திருக்கும்போது எண்ணெய் தடவிய மரையில் அதே அளவில் முடுக்குபவர், எவ்வளவு துல்லியமான ரெஞ்சை வைத்திருந்தாலும், ஸ்டட்டை நெடுநாள் அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கிறார். கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து உலர்வாகப் பூட்டுவதே கையேட்டின் எண்ணுக்குப் பொருந்தும் முறை. இந்த விவாதத்தில் நான் ஒரு பக்கமே நிற்கிறேன், கருவியைவிட இது முக்கியம் என்றும் கருதுகிறேன்.

சக்கரத்தைப் பொறுத்தவரை நான் பின்பற்றும் வரிசை இது. நட்டுகளைக் கையால் தொடங்கி, நட்சத்திர வரிசையில் பாதி அளவுக்கு ஒருமுறை முடுக்கி, ஜாக்கை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்ட பின் முழு அளவுக்கு மறுமுறை முடுக்குகிறேன். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை சரிபார்க்கிறேன். நீட்டிப்புத் தண்டைச் சாக்கெட்டுக்கு நேராக மாட்டுவதால் அளவு மாறுவதில்லை; ரெஞ்சின் நீளத்தையே கூட்டும் வகையில் முனையில் எதையாவது மாட்டினால் மாறும்.

பராமரிப்பில் இரண்டு செய்திகளை விட்டுவிட முடியாது. வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கடைசிக் கோட்டுக்கு, இங்கே 28க்கு, இறக்கி வைக்க வேண்டும். அமுங்கியபடியே கிடக்கும் வில் நாளடைவில் தளர்ந்து அளவு பிசகும். கோட்டுக்கும் கீழே முழுதாகத் தளர்த்திவிடுவதும் தவறு, உள்ளே உறுப்புகள் இடம் பெயரும். இரண்டாவது, இறுகிய நட்டைக் கழற்ற இதை எடுக்கவே கூடாது. அதற்கென்று நீண்ட பிரேக்கர் பார் இருக்கிறது. அளவுத்திருத்தத்துக்கு 12 மாதம் அல்லது 5,000 கிளிக், எது முந்துகிறதோ அதுவே பொதுவான தவணை. நம் வீட்டுப் பட்டறையில் 5,000 வர வாய்ப்பில்லை என்றாலும், பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு வேலைக்கும் கிளிக் எண்ணிக்கையைக் குறித்து வருகிறேன். ஆண்டு முடிவில் அதே மூன்று எடைகளை மீண்டும் தொங்கவிட்டுப் பார்த்தேன்; 126இலும் 85இலும் மாற்றம் இல்லை, 33இல் பிழை அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் மூத்தவர் தம் காருக்கு டயர் மாற்றியபோது ரெஞ்சை இரவல் கேட்டார், கொடுத்தேன். திரும்பி வந்தபோது கைப்பிடி 28இல் நின்றது. மூடியிலிருந்த தாளில் என் எழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில், சக்கரத்துக்கு ஐந்து வீதம் நான்கு சக்கரம், 20 என்று இருந்தது.