ஏட்டைப் புரட்டும் விரல்: ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ திரைப்படம்

மலைமேல் இருக்கும் மடாலயத்துக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்திலேயே இளம் சீடன் அட்சோ நெளியத் தொடங்குகிறான். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அவன் கேளாமலே, கழிப்பிடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று குரு வில்லியம் வழி சொல்கிறார். இந்த மடத்துக்கு அவர் முன்பு வந்ததே இல்லை. உள்ளே நுழையும்போது, ஒரு துறவி அவசரமாக ஒரு பக்கம் போனதையும், பிறகு நிம்மதியான முகத்தோடு மெல்லத் திரும்பியதையும் கவனித்திருந்தார், அவ்வளவுதான். துப்பறிவாளர் ஒருவரை இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு மனிதத்தன்மையோடும் அறிமுகப்படுத்திய வேறொரு படம் எனக்கு நினைவில்லை.

உம்பர்த்தோ எக்கோ 1980இல் எழுதிய இத்தாலிய நாவலைத் தழுவி, பிரெஞ்சு இயக்குநர் ழான் ழாக் அனோ 1986இல் எடுத்த படம் இது. கதை நடப்பது 1327இல், வட இத்தாலியில் உள்ள பெனடிக்ட் சபை மடம் ஒன்றில். கிறிஸ்து உடைமை எதுவும் வைத்திருந்தாரா, திருச்சபை செல்வம் சேர்க்கலாமா என்பது பற்றிப் வறுமையை நோன்பாக ஏற்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவிகளும், அவிஞ்ஞோன் நகரிலிருந்து ஆண்ட திருத்தந்தையின் (போப்பின்) தூதர்களும் அங்கே வாதிடக் கூடவிருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்பாக, ஏடுகளில் ஓவியம் தீட்டும் இளந்துறவி ஒருவர் கீழே விழுந்து இறந்துகிடக்கிறார். அடுத்து, கிரேக்க மொழிபெயர்ப்பாளர் பன்றி இரத்தம் நிரம்பிய தொட்டியில் தலைகீழாகக் கிடக்கிறார். சாத்தானின் வேலை என்று மடம் நடுங்க, வில்லியம் பனித்தரையில் குனிந்து காலடித் தடத்தின் ஆழத்தைப் பார்க்கிறார். குற்றவாளி தன்னை அறியாமல் கையெழுத்திட்டுச் செல்லும் தோலேடு என்று அந்தப் பனியை அவர் சொல்லும் இடத்தில், படம் எதைப் பற்றியது என்பது விளங்கிவிடுகிறது. வாசிப்பதுதான் இங்கே துப்பறிதல்.

இறந்தவர்களின் ஒரு விரல் நுனியும் நாக்கும் கறுத்திருக்கின்றன. நாம் எல்லோரும் பழகிய ஒரு சிறு செயல், ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்க விரலை நாவில் தொட்டுக்கொள்வது, இந்தப் படத்தில் அச்சம் தரும் செயலாக மாறுகிறது. கொலைக்கான காரணத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் பொன்னும் பொறாமையும் பழிவாங்கலும் அல்லாத அந்தக் காரணம், ஒரு நூலுக்கு ஒரே ஒரு படி மட்டும் எஞ்சியிருக்கக்கூடிய காலத்தில், எதைப் படிக்கலாம் என்று ஒருசிலர் மட்டுமே தீர்மானித்த இடத்தில் மட்டுமே பிறக்கக்கூடியது. இடைக்காலத்தைப் பின்னணித் திரையாகத் தொங்கவிடாமல், குற்றத்தின் வேராகவே ஆக்கியிருப்பதுதான் இந்தப் படத்தின் பெரிய வெற்றி என்பேன்.

உட்புறக் காட்சிகள் பல ஜெர்மனியில் உள்ள எபர்பாக் மடாலயத்தில் படமாக்கப்பட்டவை. வெளிப்புறத்துக்காக ரோம் நகருக்கு அருகே பெரிய கட்டடமே எழுப்பினார்கள். கலை இயக்குநர் தாந்தே ஃபெரெட்டி அமைத்த நூலகம் தனியாகப் பாராட்டத்தக்கது. நாவலில் ஒரே தளத்தில் விரியும் புதிர்வழி, படத்தில் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் படிக்கட்டுகளாக மாறியிருக்கிறது. அதில் வழிதவறும் அட்சோ தன் கம்பளி உள்ளாடையின் நூலைப் பிரித்து அடையாளமாக விட்டுச்செல்லும் காட்சியில் அச்சமும் பரிவும் ஒருசேர எழுகின்றன. டோனினோ டெல்லி கோலியின் ஒளிப்பதிவில் மெழுகுவர்த்தி எட்டும் தூரம்வரைதான் உலகம் தெரிகிறது. மடத்தின் சமையலறைக் கழிவு சுவர் வழியே சரிந்து விழ, கீழே காத்திருக்கும் ஏழைகள் அதற்காக முண்டியடிக்கும் காட்சி, உள்ளே நடக்கும் வறுமை பற்றிய விவாதத்துக்குச் சொல்லின்றிப் பதிலளிக்கிறது.

ஷான் கானரி வில்லியமாக வாழ்ந்திருக்கிறார். இந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த நடிகருக்கான பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் திரைப்பட விருதும் பெற்றார். மடத்தலைவர் வரும்போது தன் வானியல் கருவிகளைச் சட்டென மறைக்கும் அந்த ஒரு நொடியில், அறிவு எவ்வளவு ஆபத்தான உடைமையாக இருந்தது என்பதை உணர்த்திவிடுகிறார். பல மொழிகளைக் கலந்து உளறும் சால்வத்தோரேயாக ரான் பெர்ல்மனும் மறக்க முடியாதவர்.

குறை சொல்ல வேண்டிய இடம் இறுதிப் பகுதி. படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தவிர்க்கலாம். திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டிக்கும் சமய விசாரணையாளர் பெர்னார்டோ குய் வரலாற்றில் வாழ்ந்தவர். 1331வரை உயிரோடு இருந்து, ஆயராகவே (பிஷப்பாகவே) மறைந்தவர். படமோ அவரை ஊர்மக்களின் கையில் சாகவைக்கிறது. அட்சோவின் மனம் கவர்ந்த, சூனியக்காரி என்று அவரிடம் பிடிபட்டு நாவலில் தப்பிக்க வழியற்ற ஏழைப் பெண்ணையும் காப்பாற்றிவிடுகிறது. பார்வையாளரைச் சமாதானப்படுத்தச் செய்த இந்த மாற்றங்கள், அதுவரை கண்டிப்போடு காத்த உண்மையைத் தளர்த்திவிடுகின்றன. தண்டனை பெறாத கொடுமைதான் அந்தக் காலத்தின் கசப்பு. அதை நம் கையில் அப்படியே தந்திருக்கலாம். ஆனாலும், எரியும் நூலகத்திலிருந்து கைகொள்ளும் அளவு நூல்களை மட்டும் மார்போடு அணைத்தபடி வில்லியம் தள்ளாடி வெளியே வரும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

வன்முறையும் சித்திரவதையும் வெளிப்படையான உடலுறவுக் காட்சியும் இருப்பதால், குழந்தைகளோடு பார்ப்பதற்கு ஏற்ற படம் அன்று. பெரியவர்கள் இரவில், அறையை இருட்டாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.