பெரியப்பாவின் ஜாதக சாஃப்ட்வேரும் என் விர்ச்சுவல்பாக்ஸும்

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியப்பா, அல்வாப் பொட்டலத்தோடு ஒரு பென் டிரைவையும் எடுத்து மேசையில் வைத்தார். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேராம். காசு கொடுத்து வாங்க வேண்டியதை யாரோ ‘ஃபுல் வெர்ஷன்’ என்று சும்மாவே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை என் லேப்டாப்பில் ஏற்றி, அத்தை பேத்தியின் ஜாதகத்தைப் போட்டுத் தர வேண்டும். நான் இழுத்ததைப் பார்த்துவிட்டு, “ஏலே, ஜோசியரு வீட்டுலயே இதுதாம்ல ஓடுது, ஒனக்கு மட்டும் என்ன பயம்?” என்றார்.

பயம் சும்மா வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒரு இலவச வீடியோ கன்வெர்ட்டரை ஏற்றப் போய், பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறி, தேடுபொறி மாறி, எதை நீக்கினாலும் மறுநாள் காலையில் அது திரும்ப வந்து உட்கார்ந்து, கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டதில் ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போச்சு. அன்றிலிருந்து ஊர் பேர் தெரியாத எதுவும் முதலில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள்தான் போகும்.

புதியவர்களுக்கு ஒரு வரி: இது உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற சாஃப்ட்வேர். உள்ளே ஓடும் விண்டோஸுக்குத் தனியாக ஹார்ட் டிஸ்க் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் உங்கள் கணினியில் வெறும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே வைரஸ் ஆடித் தீர்த்தாலும் அந்தக் கோப்புக்குள் ஆடிவிட்டுப் போகட்டும். 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது, அடுத்த வருடம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. கை மாறினாலும் இன்றைக்கும் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. கூடுதல் வசதிகளுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று தருகிறார்கள், அதற்கு மட்டும் வேறு உரிமம்: வீட்டில் சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸ் கணினியில் போட்டால் காசு. வீட்டில் சோதனை செய்ய அது இல்லாமலே ஓடும்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. ஆனால் பலர் முதல் படியிலேயே தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் பயாஸில் (கணினி கிளம்பும்போதே திறக்கிற அடிப்படை அமைப்புகளில்) விர்ச்சுவலைசேஷன், அதாவது கணினிக்குள் கணினி ஓட்டுகிற வசதி, அணைந்திருக்கும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். ரேம் விஷயத்தில் கஞ்சத்தனம் எடுபடாது. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி டிஸ்க்கும் வேண்டும். உங்களிடம் மொத்தமே 8 ஜிபிதான் என்றால் உள்ளே இருப்பதும் நகராது, வெளியே இருப்பதும் நகராது. என்னுடையது 16, அதில் பாதியை விட்டுக்கொடுத்தால் உட்கார்ந்து வேலை பார்க்கிற வேகம் கிடைக்கிறது. உள்ளே போடுகிற விண்டோஸுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. சோதனைக்கு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட்டே 90 நாள் ஓடும் எண்டர்பிரைஸ் பிரதியைத் தருகிறது, அது போதும்.

நான் இதை விடாமல் வைத்திருப்பது ஸ்னாப்ஷாட்டுக்காக, அதாவது உள்ளே இருக்கும் கணினியின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கிற வசதிக்காக. சுத்தமான விண்டோஸைப் போட்டு, அப்டேட் எல்லாம் முடித்து, ‘சுத்தம்’ என்று பெயர் கொடுத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அப்புறம் எந்தக் குப்பையை உள்ளே கொட்டினாலும் ரீஸ்டோர் கொடுத்தால் சில வினாடிகளில் பழைய நிலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரீஸ்டோர் செய்யும்போது இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுக்கட்டுமா என்று ஒரு கட்டம் டிக் போட்டே வந்து நிற்கும். அந்த டிக்கை நீக்காமல் ஓகே கொடுத்தால் குப்பையும் பத்திரமாகச் சேமிக்கப்படும், டிஸ்க்கும் வீணாகும். அந்த டிஸ்க் கோப்பு வேறு, வளரத்தான் தெரியும், உள்ளே அழித்தால் தானாகச் சுருங்காது.

சரி, உள்ளிருந்து நிஜக் கணினிக்குத் திறக்கிற கதவுகளுக்கு வருவோம். வி.எம். (விர்ச்சுவல் மெஷின், அதாவது உள்ளே ஓடுகிற அந்த இன்னொரு கணினி) போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று நினைக்கிறவர்கள் ஷேர்டு ஃபோல்டர் பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். நான் பட்டது இது: கோப்புகளைச் சுலபமாக அனுப்ப வேண்டும் என்று என் நிஜ படங்கள் ஃபோல்டரை உள்ளே திறந்துவிட்டிருந்தேன், எழுதும் அனுமதியோடு. ஒருநாள் இரட்டைக் கோப்புகளைக் கண்டுபிடித்து அழிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றை உள்ளே சோதித்தேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உள்ளே ஒரு டிரைவாகத் தெரிந்த என் குடும்பப் படங்களில் ‘இரட்டை’ என்று அதற்குத் தோன்றியவை அத்தனையும் போயின. தங்கை கல்யாணப் படங்கள் பாதியை மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டு வாங்கினேன். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது ஷேர்டு ஃபோல்டர் கிடையாது, கிளிப்போர்டு பகிர்வு கிடையாது, டிராக் அண்ட் டிராப் கிடையாது. நெட்வொர்க்கும் முதல் சுற்றில் கிடையாது. பென் டிரைவுக்கு மட்டும் யுஎஸ்பி ஃபில்டர் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன், செருகினால் நேராக உள்ளே இருக்கும் விண்டோஸுக்குப் போய்விடும்.

பெரியப்பாவின் பென் டிரைவையும் அப்படித்தான் செருகினேன். உள்ளே செட்டப் கோப்போடு ஒரு குறிப்பு, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும் என்று. அந்த ஒரு வரியே போதும் எனக்கு, இருந்தாலும் பார்ப்போமே என்று அணைத்துவிட்டே ஏற்றினேன். ஜாதகம் அருமையாக வந்தது, பன்னிரண்டு கட்டமும், தசாபுத்தியும், தமிழ் எழுத்து உடையாமல். டாஸ்க் மேனேஜரிலும் விசேஷமாக ஒன்றுமில்லை. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் அப்பாவின் கணினியை அணைத்துவிட்டு நெட்வொர்க்கை நாட் முறையில் திறந்தேன். (நாட் என்றால் வி.எம். உங்கள் கணினியின் இணைப்பு வழியாகவே வெளியே போவது. அது பத்திரம் என்று நினைக்காதீர்கள், வெளியிலிருந்து உள்ளே நுழைவதுதான் கஷ்டம், உள்ளே இருப்பது உங்கள் வீட்டு ரவுட்டரில் இருக்கும் மற்ற கணினிகளை எட்டிப் பார்க்க முடியும்.) ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு லேப்டாப் மின்விசிறி இரைய ஆரம்பித்தது. விண்டோஸ் சொந்தக்காரன் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு ஒன்று சிபியுவில் 90 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஸ்டார்ட்-அப் பட்டியலிலும் அதே பெயர். ஜாதக சாஃப்ட்வேரை மூடினேன், இது மூடவில்லை. நம் கணினியையும் கரண்டையும் வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதித்துத் தருகிற கிரிப்டோ மைனராக இருக்கும் என்பது என் ஊகம், தோண்டிப் பார்க்கவில்லை. ஜோசியர் வீட்டு கரண்ட் பில்லை நினைத்துப் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. முப்பரிமாண கிராஃபிக்ஸ் பலவீனம், விளையாட்டு, வீடியோ எடிட்டிங் எல்லாம் இதற்குள் ஓட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்பு வசதிகள் ஆன் ஆகியிருந்தால், வி.எம். ஓட்டுவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஹைப்பர்-வி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கும், அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறித்தான் ஓட வேண்டும். கீழே ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் அதுதான் அர்த்தம். ஆமையைத் துரத்த அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லி ஊரே யோசனை சொல்லும். பாதுகாப்புக்காக வி.எம். போட்டுவிட்டு நிஜக் கணினியின் பாதுகாப்பை அணைப்பது என்ன கணக்கோ, நான் ஆமையோடேயே இருக்கிறேன்.

வி.எம்.முக்கும் நிஜக் கணினிக்கும் நடுவில் இருக்கும் சுவரும் கல்லால் ஆனது இல்லை. 2015இல் வெளிவந்த வெனம் என்ற ஓட்டை, யாரும் தொடாத ஃபிளாப்பி டிரைவின் நிரலில் இருந்தது, விர்ச்சுவல்பாக்ஸும் அதில் மாட்டியது. 2018 நவம்பரில் அதன் வழக்கமான நெட்வொர்க் கார்டிலேயே வெளியே குதிக்க வழி கண்டுபிடித்தார்கள். அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு பக்கம், தான் வி.எம்.முக்குள் இருப்பதை மோப்பம் பிடித்து நல்ல பிள்ளையாக நடிக்கிற வைரஸ்களும் உண்டு. நெட்வொர்க் கார்டின் முகவரி 08:00:27 என்று தொடங்கினாலே அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது.

மாற்று வேண்டுமென்றால், விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு சாண்ட்பாக்ஸ் கூடவே வருகிறது, மூடினால் எல்லாம் அழிந்துவிடும், ஒரு கோப்பைத் திறந்து பார்க்க அது போதும். ஹோம் பதிப்பில் கிடையாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024இலிருந்து இலவசம், கிராஃபிக்ஸ் அதில் மேல். ஸ்னாப்ஷாட் பழகிய கைக்கு எனக்கு இதுவே போதும், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அன்று ராத்திரி ‘சுத்தம்’ ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். காலையில் பெரியப்பா காபியோடு வந்து, “அந்தப் பிள்ளை ஜாதகத்த எடுத்து வச்சியால?” என்றார். அதுவும் சேர்ந்துதான் போயிருந்தது. நெட்வொர்க்கை அடைத்து, மறுபடியும் ஏற்றி, பிறந்த நேரத்தைத் திரும்பக் கேட்டுப் போட்டு, உள்ளிருந்து எதையும் வெளியே எடுப்பதில்லை என்ற கொள்கையில் திரையை ஃபோனில் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தவர், “கட்டம் கொஞ்சம் கோணலா இருக்கேல” என்றார்.