தசைப்பிடிப்பு மாத்திரைகள்: யாருக்கு எது ஒத்துவரும், யாருக்கு எது ஆகாது

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இடது கையும் காலும் விறைத்தே இருக்கும். அதற்காக தினமும் மூன்று வேளை பாக்லோஃபென் போடுகிறார். போன மாதம் ஒரு காலையில் அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். நான் வெந்நீர்ப் பையைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு நிமிஷத்தில், அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்திருந்தார். “இதுவும் தசையைத் தளர்த்துறதுதானே?” என்றார்.

அம்மா கேட்டதில் தப்பில்லை. எல்லாவற்றையும் ‘தசைத் தளர்த்தி’ என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறோம். ஆனால் இவை ஒரே குடும்பத்து மருந்துகள் இல்லை. ஒன்று மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையின் உடன்பிறப்பு. இன்னொன்று பிரஷர் மருந்தின் உறவு. மற்றொன்று உடம்புக்குள் போனதும் பதற்றத்தைத் தணிக்கும் வேறொரு மருந்தாகவே மாறிவிடுகிறது. அதனால் ‘எதுக்குப் பவர் அதிகம்?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘எனக்கு ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும், நான் போடுகிற மற்ற மாத்திரைக்கும் எது சேராது?’ என்று கேட்க வேண்டும். இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் ஒரு பெரிய பிரிவு. பக்கவாதம், தண்டுவடக் காயம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்றவற்றில் நரம்பு மண்டலம் கெட்டுப்போய்த் தசை விறைத்துக்கொள்ளும். அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கும். பாக்லோஃபென், டேன்ட்ரோலீன் இரண்டும் அதற்கானவை. கனமான பொருளைத் தூக்கியதாலோ கோணலாகப் படுத்ததாலோ வருகிற முதுகு, கழுத்துப் பிடிப்பு வேறு. நரம்பு நன்றாகவே இருக்கும், தசைதான் கோபித்துக்கொண்டிருக்கும். சைக்ளோபென்சாப்ரின், மெத்தோகார்பமால், குளோர்சாக்சசோன், தயோகால்ச்சிகோசைடு எல்லாம் இந்தப் பக்கம். டைசானிடைனையும் டயஸிபாமையும் இரண்டு பக்கமும் எழுதுகிறார்கள்.

இவற்றில் தசைக்குள்ளேயே போய் வேலை செய்வது டேன்ட்ரோலீன் ஒன்றுதான். மற்றவை மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. பிடித்த இடத்தைத் தேடிப் போய் அதை மட்டும் தளர்த்துகிற மாத்திரை எதுவும் கிடையாது. தூக்கக் கலக்கமும் நிதானம் தப்புவதும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பலன் எவ்வளவு?

சாதாரண முதுகுப் பிடிப்புக்கு இந்த மாத்திரைகளிடம் நாம் எதிர்பார்ப்பது அதிகம். 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்தது. பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரைகளால் முதல் இரண்டு வாரத்தில் குறைந்த வலி, 100 புள்ளி அளவுகோலில் சுமார் 8 புள்ளிதான். அந்தக் கணக்கும் உறுதியானதல்ல என்று எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். 2015-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. அவசரப் பிரிவுக்கு முதுகுவலியோடு வந்த 323 பேருக்கும் நாப்ராக்சென் என்ற வலி மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு அதோடு சைக்ளோபென்சாப்ரினும் சேர்த்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை.

எனவே என் எண்ணம் இதுதான்: பலனில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, பாதகத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதகத்தில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

சைக்ளோபென்சாப்ரினும் டைசானிடைனும்

முதுகு பிடித்துக்கொண்டவருக்கு அதிகம் ஒப்பிடப்படும் ஜோடி இது. முதல் வித்தியாசம், உடம்பில் தங்கும் நேரம். சைக்ளோபென்சாப்ரினில் பாதி வெளியேறவே சுமார் 18 மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால், மறுநாள் பிற்பகல் 3 மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் இருக்கும். காலையில் எழுந்ததும் ‘தெளிந்துவிட்டேன்’ என்று தோன்றலாம், ஆனால் வண்டி ஓட்டும்போது பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் ஒரு நொடி தாமதிக்கும். டைசானிடைனில் பாதி வெளியேற இரண்டரை மணி நேரம் போதும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் டைசானிடைன்தான் பாதுகாப்பானது என்று நானும் நினைத்திருந்தேன், எனக்கு முதுகு பிடித்த வருஷம் வரைக்கும். எழுதித் தந்தவர் ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாத்ரூம் போக எழுந்தேன். இரண்டு அடி வைத்ததும் காதுக்குள் இரைச்சல், கண் முன்னால் கறுப்பு. சுவரைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். டைசானிடைன், குளோனிடைன் என்ற பிரஷர் மருந்தின் உறவு என்பதும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து நின்றிருந்தால் அவ்வளவு மோசமாக ஆகியிருக்காது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் டைசானிடைனைத் தொடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். கல்லீரலில் டைசானிடைனைச் சிதைக்கிற நொதியை அது அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் டைசானிடைன் சுமார் பத்து மடங்கு ஏறும். மனநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்சமைன் என்றால் 33 மடங்கு. ஒரு மாத்திரை போட்டதாக நினைப்போம், உடம்புக்கு முப்பது போட்ட கணக்கு. இந்த இரண்டோடும் டைசானிடைன் அறவே கூடாது. கருத்தடை மாத்திரைகூட அதன் அளவைக் கூட்டும். முதுகுக்கு ஒரு மருத்துவர், சிறுநீர்த் தொற்றுக்கு இன்னொரு மருத்துவர் என்று போகிறபோது, நடுவில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நாம்தான்.

சைக்ளோபென்சாப்ரினின் சிக்கல் வேறு திசையில் இருக்கிறது. அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்துக்கும் இதற்கும் வேதி அமைப்பில் ஒரே ஒரு பிணைப்புதான் வித்தியாசம். அதனால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், சில வகை கிளாக்கோமா உள்ளவர்களுக்குக் கண் அழுத்தம் ஏறும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள் இதைப் போடவே கூடாது. மனச்சோர்வு மாத்திரை, டிராமடால் என்ற வலி மருந்து போன்றவற்றோடு சேர்ந்தால் உடம்பில் செரடோனின் என்ற வேதிப்பொருள் மிதமிஞ்சிப் போகும். நடுக்கம், வியர்வை, பதற்றம், காய்ச்சல் என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு ஒத்துக்கொண்டாலும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் இதற்கு இடமில்லை.

ஆக, இதயக் கோளாறோ மனச்சோர்வு மாத்திரையோ இருந்தால் சைக்ளோபென்சாப்ரின் பக்கம் போகாதீர்கள். தாழ்ந்த பிரஷரோ கல்லீரல் கோளாறோ இருந்தால் டைசானிடைன் பக்கம் போகாதீர்கள்.

மற்றவை

மெத்தோகார்பமால் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் சாதுவானது, தூக்கமும் ஒப்பிட்டால் குறைவு. ஆனால் முதல் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு வேளைக்கு 1500 மில்லிகிராம் என நான்கு வேளை வரை போகும். சிறுநீர் பழுப்பாகவோ பச்சையாகவோ போகலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளோர்சாக்சசோன் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதுவும் பரவாயில்லை. கண் மஞ்சளாவது, வாந்தி, மேல் வயிற்றில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அபூர்வமாக அது கல்லீரலை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கெடுத்திருக்கிறது.

குளோர்சாக்சசோன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரையாக வரும். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். காய்ச்சலுக்கென்று தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் கணக்கு எகிறும். ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே உச்சவரம்பு. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் தசை மருந்து என்று நினைத்து டைக்ளோஃபெனாக்கை விழுங்கிக்கொண்டிருப்பது இப்படித்தான் நடக்கிறது.

தயோகால்ச்சிகோசைடு தூக்கம் அதிகம் தராது என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதற்குக் கடிவாளம் போட்டது. உடம்பில் இது உடைந்து உருவாகும் ஒரு பொருள், பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று தெரியவந்தது. அதனால் 16 வயதுக்கு மேல் மட்டும், வாய்வழி என்றால் ஒரு வேளைக்கு 8 மில்லிகிராம், அதிகபட்சம் ஏழே நாள் என்று வரம்பு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடவே கூடாது. கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்கள் கருத்தடை இல்லாமல் போடக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி இரண்டாவது, மூன்றாவது அட்டை வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

காரிசோப்ரோடால் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை, வேறு எது கேட்டாலும் கேளுங்கள், இது வேண்டாம். உடம்பில் இது மெப்ரோபமேட் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் பழைய மருந்தாக மாறுகிறது. அடிமைப்படுத்தும். 2007-இல் ஐரோப்பிய முகமை இதை நிறுத்தி வைக்கச் சொன்னது. 2012-இல் அமெரிக்கா இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. டயஸிபாமும் பழக்கமாகும். அது இரண்டு நாளுக்கும் மேல் உடம்பில் நிற்கும், அது உடைந்து வரும் பொருள் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். அதை மார்ஃபின், கோடீன், டிராமடால் வகை வலி மருந்துகளோடு சேர்த்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். மதுவும் அப்படியே. மது என்றால் இங்கே சொன்ன எந்த மாத்திரையோடும் கூடாது. சளிக்குப் போடும், தூக்கம் வரவைக்கும் மாத்திரையைக்கூட மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் மாத்திரை

விறைப்புக்கு பாக்லோஃபெனா, டைசானிடைனா என்று அப்பாவுக்கும் ஒரு கட்டத்தில் கேள்வி வந்தது. பாக்லோஃபென் பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. டைசானிடைன் கல்லீரல் வழியாகப் போகிறது. அப்பாவின் கல்லீரல் பரிசோதனை கொஞ்சம் சரியில்லை, சிறுநீரகம் நன்றாக இருந்தது. அதனால் பாக்லோஃபென். மாறியிருந்தால் தேர்வும் மாறியிருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு பாக்லோஃபென் தேங்கி, குழப்பம், பிதற்றல், சுயநினைவு தப்புவது வரை கொண்டுபோகும். முதியவர்களுக்கு ஆகாத மருந்துகளின் அமெரிக்கப் பட்டியலில், 2023 முதல், சிறுநீரக வேலை குறைந்தவர்களுக்கு பாக்லோஃபெனைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சைக்ளோபென்சாப்ரின், மெத்தோகார்பமால், குளோர்சாக்சசோன், காரிசோப்ரோடால் அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வயதானவர்கள் தடுமாறி விழுந்து எலும்பு முறிவதுதான் முக்கியக் காரணம்.

ஆரம்பத்தில் அளவைக் கூட்டியபோது ஒன்று கவனித்தேன். அப்பாவின் கை நன்றாக விரிந்தது, சட்டை போடுவது எளிதானது. ஆனால் நிற்கும்போது இடது முழங்கால் மடங்கிப்போனது. அந்த விறைப்பைத் தூணாக ஊன்றித்தான் அவர் இத்தனை நாள் நின்றிருக்கிறார். மருத்துவரிடம் சொன்னதும் அளவைக் கொஞ்சம் இறக்கினார். விறைப்பு முழுக்கப் போவது எல்லோருக்கும் நல்லதல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று? அவர் பிரஷர் மாத்திரை போடுகிறவர், வயது 68. மருத்துவர் தசைத் தளர்த்தி எதையும் எழுதவில்லை. வெந்நீர் ஒத்தடம், பாராசிட்டமால், வலி பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல அசைப்பது, அவ்வளவுதான். கையில் மரமரப்போ பலவீனமோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொன்னார். முதுகுப் பிடிப்பு என்றால், சிறுநீர் கட்டுப்பாடு போவதும் தொடைக்கு நடுவே உணர்ச்சி மரப்பதும் அந்த வரிசையில் சேரும். ஐந்தாம் நாள் அம்மா தானாகவே தலையைத் திருப்பிப் பேசினார்.

அன்று உள்ளங்கையில் இருந்த மாத்திரையை வாங்கும்போது எனக்கு அம்மாவைப் பற்றி மட்டும் பயமில்லை. அப்பாவின் கணக்கில் ஒன்று குறைந்தால் அவருக்கு ஒரு வேளை தவறும். பாக்லோஃபெனை நாள்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் மாயத்தோற்றம், வலிப்பு வரை வரும். டைசானிடைனை அதிக அளவில் நெடுநாள் போட்டு நிறுத்தினால் பிரஷர் எகிறும். இரண்டையும் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் அப்பாவின் அட்டை இப்போது தனி டப்பாவில் இருக்கிறது. பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டை வந்துவிடும்.